பத்திரிகைச் சுதந்திரமும் செய்தி ஒழுக்கமும்: தரமணியிலுள்ள பிரஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா ஓர் அறிமுகம்

2015 டிசம்பரில் முடிச்சூர் தொடங்கி கோட்டூர்புரம் வரை அடையாற்றின் கரை முழுவதும் வெள்ளத்தில் மிதந்தது. அந்த நாட்களில் ஒரு செய்தி கைபேசிகளில் வேகமாகப் பரவியது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெளியேறிவிட்டன என்பதே அது. பண்ணை நிர்வாகம் அதை மறுத்தது. முதலைகள் எதுவும் தப்பவில்லை.

ஆனால் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வசித்த மக்களுக்கு அன்று தேவைப்பட்ட செய்தி வேறு. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து எப்போது, எவ்வளவு நீர் திறக்கப்படுகிறது என்பதே அது. அந்தத் தகவல் பலருக்கு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. ஏரியின் நீர்த்திறப்பைக் கையாண்ட விதத்தைக் குறைகூறி, அது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று சொன்ன தணிக்கைத் துறை அறிக்கை 2018இல்தான் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

பொய்ச் செய்தி வேகமாக வந்தது. உண்மைச் செய்தி தாமதமாக வந்தது. பொய்யைத் தடுக்கச் செய்தி ஒழுக்கம் வேண்டும். உண்மையை வெளிக்கொணரப் பத்திரிகைச் சுதந்திரம் வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துக் கவனிக்கும் ஒரு நிறுவனம் தென்சென்னையிலேயே இருக்கிறது. நம்மவர்களில் பலர் அதன் பெயரைக்கூட அறிந்திருக்கமாட்டார்கள்.

நிறுவனம் உருவான வரலாறு

பிரஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா 1963ஆம் ஆண்டு இலாப நோக்கமற்ற அறக்கட்டளையாகத் தொடங்கப்பட்டது. நாட்டின் முன்னணி நாளிதழ்கள் இதன் உறுப்பினர்கள். இதன் முதல் இயக்குநர் மூத்த பத்திரிகையாளர் சஞ்சல் சர்க்கார். முதலில் டெல்லியில் இயங்கிய இந்நிறுவனம் இப்போது சென்னை தரமணியில், சி.பி.டி. வளாகப் பகுதியில் உள்ள இரண்டாவது பிரதான சாலையில் இயங்குகிறது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாக எளிதில் சென்றடையலாம்.

அந்தக் காலத்தில் செய்தியாளர்கள் பெரும்பாலும் வேலையில் சேர்ந்த பிறகே தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். மூத்தவர் சொல்வதே பாடம். அந்நிலையில், பணியில் இருப்பவர்களுக்கே முறையான பயிற்சி தர வேண்டும் என்ற எண்ணத்தில் இந்நிறுவனம் பிறந்தது.

பணிகள்

முதலாவது பணி பயிற்சி. பத்திரிகையாளர்களுக்குப் பயிலரங்குகள் நடத்தப்படுகின்றன.

இரண்டாவது பணி வெளியீடுகள். ‘விதுரா’ என்ற இதழ் ஊடகத் துறையின் நிறைகுறைகளை அலசுகிறது. மன்னனிடம் கசப்பான உண்மையைச் சொன்ன மகாபாரதப் பாத்திரத்தின் பெயர் அதற்கு. ‘கிராஸ்ரூட்ஸ்’ என்ற இதழ் கிராமப்புற மக்கள், விளிம்புநிலை மக்கள் ஆகியோரின் வாழ்வைப் பற்றிய செய்திகளுக்கானது. அச்சுத் தொழில்நுட்பத்துக்கெனத் தனி இதழும் உண்டு.

மூன்றாவது பணி விருதுகள். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கக் குழுவுடன் இணைந்து, மனிதநேயப் பிரச்சினைகளைச் சிறப்பாக எழுதிய செய்தியாளர்களுக்கு விருது வழங்கிவந்துள்ளது. போர், பேரிடர், இடப்பெயர்வு போன்றவற்றில் சிக்கிய சாமானியர்களின் குரலை நேர்மையாகப் பதிவுசெய்வோரை ஊக்குவிப்பது இதன் நோக்கம்.

இது போராட்ட அமைப்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாரிஸைத் தலைமையகமாகக் கொண்ட ‘எல்லைகளற்ற செய்தியாளர்கள்’ அமைப்பு ஆண்டுதோறும் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலை வெளியிடுகிறது. 2024இல் 180 நாடுகளில் இந்தியாவுக்கு 159ஆவது இடம் கிடைத்தது. அவ்வாறு அளந்து குரல் கொடுப்பது ஒரு பணி. நல்ல செய்தியாளர்களை உருவாக்கிச் சுதந்திரத்துக்கு அடித்தளம் இடுவது இன்னொரு பணி. தரமணி நிறுவனம் செய்வது இரண்டாவதை.

அதே சாலையில்தான் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் என்ற இதழியல் கல்லூரியும் உள்ளது. இலாப நோக்கமற்ற மீடியா டெவலப்மென்ட் ஃபவுண்டேஷன் அதை நடத்துகிறது. 2000ஆம் ஆண்டு முதல் சென்னையில் இயங்கும் இக்கல்லூரியில் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு உண்டு. வறுமை, புறக்கணிப்பு ஆகியவற்றைப் பற்றிச் செய்தி எழுதுவது அங்கே கட்டாயப் பாடம்.

சுதந்திரத்தின் எல்லை எது?

இக்கேள்விக்கு முக்கியமான பதில்கள் தமிழ்நாட்டு வழக்குகளிலிருந்தே கிடைத்தன.

பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் தன் எல்லைக்குள் வரக் கூடாது என்று அன்றைய சென்னை மாகாண அரசு தடைவிதித்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1950 மே மாதம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கருத்துச் சுதந்திரத்தில் இதழ் மக்களைச் சென்றடையும் உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது.

அடுத்தது திருவான்மியூரோடு தொடர்புடையது. மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கை வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட முனைந்தது. அதில் சில அதிகாரிகளைப் பற்றியும் இருந்தது. சிறைத் துறை அதைத் தடுக்கப் பார்த்தது. 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவதூறாக இருக்கலாம் என்ற அச்சத்தால் ஒரு செய்தியை வெளிவரும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை. வெளியான பின் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம் என்றது.

அதே தீர்ப்பு பத்திரிகைகளுக்கும் கடிவாளம் போட்டது. ஒருவருடைய குடும்பம், திருமணம், குழந்தைகள் ஆகியவற்றைப் பற்றி அவர் அனுமதியின்றி எழுதினால் அது அந்தரங்க உரிமை மீறல். பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம். ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை அப்போதும் வெளியிடக் கூடாது. சுதந்திரமும் ஒழுக்கமும் ஒரே தீர்ப்பில் அருகருகே நிற்பதைக் கவனியுங்கள்.

செய்தியை விசாரித்து அறிதல்

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த ஒழுக்கம் அந்நியமானது அல்ல. தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஆராய்வதும், ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் எடைபோடுவதும் இதே அக்கறையில் வளர்ந்தவை. செய்தியாளர் ‘இதை யார் சொன்னார்? அவர் நேரில் கண்டாரா?’ என்று கேட்கும்போது அதே வழியில்தான் நடக்கிறார்.

இந்த விசாரணை தவறியபோது என்ன நடந்தது என்பதை 2020இல் அனுபவித்தோம். கொரோனா பரவலுக்குத் தப்லீக் ஜமாஅத்தைக் காரணமாக்கி, ஒரு சமுதாயத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய ஒளிபரப்புகள் பல. வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் ரத்துசெய்த பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, ஊடகங்களில் நடந்த பிரச்சாரத்தைக் கண்டித்தது. 2021 ஜூனில் செய்தித் தொலைக்காட்சிகளின் சுயஒழுங்கு அமைப்பு, இந்த ஒளிபரப்புகளுக்காக நியூஸ்18 கன்னடா சேனலுக்கு 1 லட்சம் ரூபாயும் சுவர்ணா நியூஸ் சேனலுக்கு 50,000 ரூபாயும் அபராதம் விதித்தது. பெங்களூரிலுள்ள ஒரு குடிமக்கள் குழு முறைப்படி புகார் எழுதியதால்தான் அது நடந்தது.

பாதிக்கப்படுவது நாம் மட்டுமல்ல. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. தாம்பரத்திலும் அதைச் சுற்றியும் உழைக்கும் தொழிலாளர்களின் குடும்பங்கள் ஊரில் இருந்து பதறின. அக்காணொளிகள் பொய் என்று ஆதாரத்துடன் நிறுவியதற்காக ஆல்ட் நியூஸ் இணை நிறுவனர் முகமது ஜுபைருக்கு 2024 குடியரசு தினத்தன்று தமிழ்நாடு அரசு கோட்டை அமீர் மத நல்லிணக்கப் பதக்கம் வழங்கியது.

புகார் செய்யும் முறை

தவறான செய்தி வந்தால் முகநூலில் கொதிப்பதோடு பலர் நின்றுவிடுகிறோம். முறையான வழி இருக்கிறது.

பத்திரிகைச் செய்தியானால்: முதலில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதித் தவறைச் சுட்டிக்காட்ட வேண்டும். திருத்தம் வராவிட்டால் இந்திய பத்திரிகை கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதங்களுக்குள்ளும், மற்ற இதழ்கள் என்றால் நான்கு மாதங்களுக்குள்ளும் அனுப்ப வேண்டும். செய்தியின் நறுக்கு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. ஆயினும் அந்தக் கண்டனம் ஆவணமாக நிற்கும்.

தொலைக்காட்சிச் செய்தியானால்: ஒளிபரப்பான ஏழு நாட்களுக்குள் அந்தச் சேனலுக்குப் புகார் எழுத வேண்டும். பதில் திருப்தியளிக்காவிட்டால் சுயஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். அந்த அமைப்பில் உறுப்பினராக உள்ள சேனல்களுக்கே இது பொருந்தும்.

இதற்கெனக் காணொளியைச் சேமித்து, தேதியையும் நேரத்தையும் குறித்து, நிதானமான மொழியில் எழுதக்கூடியவர்கள் ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு பேர் இருந்தால் போதும். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை ஜமாஅத்துகள் கல்லூரிப் பிள்ளைகளைக் கொண்டு இதைத் தொடங்கலாம்.

இன்னொன்றும் நம் கையில் உள்ளது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு மருத்துவம், பொறியியல் தவிர வேறு வழி இல்லை என்று எண்ணுகிறோம். எழுத்தில் ஆர்வமுள்ள மகனையும் மகளையும் ஒரு நாள் தரமணிக்கு அழைத்துச் சென்று அந்த நிறுவனங்களைக் காட்டுங்கள். நம்மைப் பற்றிப் பிழையாக எழுதுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பதைவிட, யாரைப் பற்றியும் பிழையின்றி எழுதக்கூடிய நாலு பேரை உருவாக்குவது சமுதாயத்துக்கும் நாட்டுக்கும் நன்மை தரும்.