உண்ணிவழி வைரஸ்கள்: இந்தியாவில் கண்டறிதலும் வகைப்பாடும்

உண்ணிகள் இரத்தம் குடிக்கும்போது விலங்குகளிடையே பரவி, சில வேளைகளில் மனிதரையும் தொற்றும் வைரஸ்கள் உண்ணிவழி வைரஸ்கள் எனப்படும். இந்தியாவில் இவற்றுள் மிக விரிவாக ஆராயப்பட்டது, 1957இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோய் வைரஸ். அந்த நோயைத் தமிழில் குரங்குக் காய்ச்சல் என்பர். கஞ்சம், பாஞ்சா, கைசோடி, வானவ்ரி ஆகியவையும் இந்திய ஊர்ப்பெயர்களால் அறிவியல் உலகம் அறிந்த உண்ணிவழி வைரஸ்களே.

உண்ணியும் வைரஸும்

உண்ணி பூச்சியினம் அன்று. சிலந்தி, தேள் ஆகியவற்றுக்கு உறவானது. முட்டையிலிருந்து ஆறு கால்களுடன் வெளிவரும் லார்வா, எட்டுக் கால்களுள்ள இளவுண்ணியாகி, பின் முதிருண்ணியாகிறது. கடின ஓட்டு உண்ணி ஒவ்வொரு பருவத்திலும் ஒரு முறை, நாள்கணக்கில் தோலில் ஒட்டியிருந்து இரத்தம் குடிக்கும். ஒரு பருவத்தில் உடலுக்குள் புகுந்த வைரஸ் தோலுரித்த பின்னும் அழியாமல் அடுத்த பருவத்துக்குத் தொடர்கிறது. ஆகவே உண்ணி, வைரஸை நெடுங்காலம் தாங்கி வைத்திருக்கும் உயிரியாகவும் விளங்குகிறது.

கியாசனூர் கண்டுபிடிப்பு

1957 தொடக்கத்தில் சொரபா வட்டத்தின் கியாசனூர் காட்டில் கருமுக மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் செத்து விழுந்தன. அதே காலத்தில் காட்டோரக் கிராமத்தாரிடையே கடுங்காய்ச்சலும் தலைவலியும் தசைவலியும், சிலருக்கு இரத்தக் கசிவும் கண்டன. குரங்குகள் மாண்டதால் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் இணைந்து 1952இல் புனேயில் தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையம், டெல்ஃபோர்ட் வொர்க் தலைமையில் ஆய்வில் இறங்கியது. பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ் மஞ்சள் காய்ச்சலுக்கு உரியதன்று; ரஷ்ய வசந்த–கோடை மூளையழற்சி வைரஸ்களின் கூட்டத்தைச் சேர்ந்தது என்பது தெளிவாயிற்று.

ஹரால்ட் டிராபிடோ, பி. கே. ராஜகோபாலன் முதலியோர் ஹீமாபைசாலிஸ் பேரினத்து உண்ணிகளிலிருந்தே இவ்வைரஸைப் பிரித்து 1959இல் வெளியிட்டனர். ஹீமாபைசாலிஸ் ஸ்பினிகெரா முதன்மைக் கடத்தி என நிறுவப்பட்டது. ராஜகோபாலன் பின்னாளில் புதுச்சேரி நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக விளங்கினார்.

ரஷ்ய உறவு தெரிந்ததும், சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணியோடு வைரஸையும் கொண்டுவந்தனவா என்ற கேள்வி எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, சாலிம் அலி வழிநடத்திய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பறவைகளுக்கு வளையமிடும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. கோடியக்கரையும் அத்திட்டத்தின் களமாயிற்று.

கண்டறியும் முறை

காட்டுத் தரையில் வெள்ளை ஃபிளானல் துணியை மெல்ல இழுத்துச் செல்வார்கள். சருகிலும் புல்நுனியிலும் காத்திருக்கும் உண்ணிகள் துணியைப் பற்றிக்கொள்ளும். கடுகிலும் சிறிய அவற்றை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துக் குப்பியிலிட்டு, இனமும் பருவமும் பிரிப்பார்கள். ஒரே இனத்தவற்றைச் சேர்த்து அரைத்த சாற்றை, அக்கால முறைப்படி, பிறந்து சில நாளேயான சுண்டெலிக் குட்டிகளின் மூளையில் செலுத்தினர். நோயுற்ற குட்டியின் மூளையிலிருந்து கிடைத்த வைரஸை, முன்பே அறிந்த வைரஸ்களுக்கு எதிரான சீரங்களோடு சோதித்தனர். எந்தச் சீரமும் முழுமையாகக் கட்டுப்படுத்தாதபோதுதான் அது புதியது எனக் கொள்ளப்பட்டது. இப்பணியில் ஆய்வகப் பணியாளர் பலர் தாமே தொற்றுக்கு ஆளாயினர். இத்துறையின் அறிவு அவர்கள் தாங்கிய இடரின் மேல் எழுந்தது. இன்று பிசிஆர் சோதனையும் மரபணுத் தொகுதி வாசிப்பும் இப்பணியைப் பெருமளவு விரைவாக்கியுள்ளன.

பிற இந்திய வைரஸ்கள்

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் ஆடுகளிலிருந்து எடுத்த உண்ணிகள் கஞ்சம், பாஞ்சா ஆகிய இரு வைரஸ்களைத் தந்தன. கைசோடி, குரங்குக் காய்ச்சல் ஆய்வின்போது கர்நாடகத்தில் கிடைத்தது. வானவ்ரி, புனேயை அடுத்த இடத்தில் செம்மறியாட்டு உண்ணியில் கிடைத்தது. பின்னர் இலங்கையில் இறந்த நோயாளி ஒருவரின் மூளையிலிருந்தும் பிரிக்கப்பட்டு, 1976இல் பதிவாயிற்று. உண்ணிவழி வைரஸால் வரும் கிரிமிய–காங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சல் 2011 ஜனவரியில் குஜராத்தில் மனிதரிடம் உறுதிசெய்யப்பட்டது.

வகைப்பாடு

வைரஸ்களை வகைப்படுத்தும் பன்னாட்டுக் குழு 1966இல் உருவானது. தொடக்கத்தில் சீர உறவே முதன்மைச் சான்று. இப்போது மரபணுத் தொகுதியின் அமைப்பும் பரிணாம உறவும் அடிப்படை. சுமார் 10,700 எழுத்துகளாலான ஒற்றை இழை ஆர்என்ஏ கொண்ட கியாசனூர் வைரஸ், ஃபிளேவிவிரிடே குடும்பத்தில் ஆர்த்தோஃபிளேவிவைரஸ் பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது. 1990களில் சவூதி அரேபியாவில் அறியப்பட்ட அல்குர்மா வைரஸ் இதன் மிக நெருங்கிய உறவு. கஞ்சம் வைரஸோ, 1910இல் கென்யாவில் அறியப்பட்ட நைரோபி ஆட்டு நோய் வைரஸின் ஆசிய வடிவம் எனத் தெரியவந்தது. பாஞ்சா, 2011இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்த கொடிய காய்ச்சல் வைரஸோடு பாண்டாவைரஸ் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. 2014இல் விவரிக்கப்பட்ட சீனாவின் ஜிங்மென் உண்ணி வைரஸ், ஃபிளேவிவைரஸ் மரபணுக்களோடு தொடர்புடைய பகுதிகளைத் தனித்தனித் துண்டுகளாகக் கொண்டிருந்ததால் பழைய வரையறைகளை மறுபரிசீலனைக்கு உள்ளாக்கியது.

தமிழ்நாடும் அண்டை மாநிலங்களும்

2012 முதல் குரங்குக் காய்ச்சல் கர்நாடகத்துக்கு வெளியேயும் அறியப்பட்டது. பந்திப்பூரை ஒட்டிய நீலகிரிக் காடுகளிலும், வயநாட்டிலும், பின் கோவாவிலும், மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க்கிலும் சான்றுகள் கிடைத்தன. கோவா பகுதியில் முந்திரி பொறுக்கச் சென்றவர்களிடையே நோய் கண்டது. இந்நோய் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை ஒட்டியது. விருத்தாசலம், பண்ருட்டி முந்திரித் தோப்புகள் அக்காடுகளுக்கு வெளியே உள்ளவை. முந்திரி இருப்பதால் மட்டும் நோய் வாராது. கடத்தி உண்ணியும், வைரஸைப் பெருக்கும் காட்டு விலங்குகளும், மனித நடமாட்டமும் ஓரிடத்தில் கூடவேண்டும்.

முக்கியத்துவம்

வகைப்பாடு நோயாளியின் உயிரைத் தொடும் செயல். உறவு வைரஸ் என்ற நம்பிக்கையில் ரஷ்ய மூளையழற்சித் தடுப்பூசியைச் சிமோகா மக்களுக்குச் செலுத்தியபோது போதிய பாதுகாப்பு கிட்டவில்லை. உறவு எவ்வளவு நெருக்கம் என்பதை அளந்தறிவது அதனாலேயே இன்றியமையாதது. பின்னர் கியாசனூர் வைரஸைக் கொண்டே செய்த தடுப்பூசியும் காலப்போக்கில் பலன் குன்றிக் கைவிடப்பட்டது. இன்றும் முதல் எச்சரிக்கையைத் தருவது, காட்டில் செத்துக் கிடக்கும் குரங்கைக் கண்டு தகவல் சொல்லும் கிராமத்தாரும் பழங்குடியினரும்தான். இறந்த குரங்கிலிருந்து உதிரும் உண்ணிகள் அவ்விடத்தையே தொற்றுக்களமாக்கும். எனவே தகவல் தந்தவர் அதைத் தொடாதிருப்பதும், கால்நடை, வன, சுகாதாரத் துறையினர் உடனே சென்று மாதிரி எடுப்பதும் நோய்க் கண்காணிப்பின் முதற்படியாகும்.