அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளும் வயதுவந்தோர் கல்வியும்

சமுதாயக் கல்லூரி என்பது ஐக்கிய அமெரிக்காவில் பள்ளிப் படிப்புக்குப் பின் இரண்டாண்டு அளவிலான கல்வியை வழங்கும் பொதுக் கல்வி நிறுவனம் ஆகும். இரண்டாண்டுப் பட்டம், குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பு, தொழிற்பயிற்சி, பள்ளிக் கல்வியை இடையில் விட்டவர்களுக்கான அடிப்படைக் கல்வி ஆகியவை இங்கு ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. அந்நாட்டில் இத்தகைய கல்லூரிகள் ஏறத்தாழ 1,000 உள்ளன. வேலை செய்துகொண்டோ குடும்பத்தைக் கவனித்துக்கொண்டோ படிக்கும் வயதுவந்தோர் இவற்றின் மாணவர்களில் கணிசமானோர். எனினும் இக்கல்லூரிகள் முதலில் அவர்களுக்காகத் தோன்றியவை அல்ல. போர், பொருளாதார மாற்றம், ஆலை மூடல் எனக் காலம் மாறியபோதெல்லாம் புதிய வகை மாணவர்கள் வந்துசேர்ந்தனர்; அவர்களுக்கேற்பக் கல்லூரிகளும் மாற வேண்டியதாயிற்று.

தோற்றம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை உள்ளூரிலேயே கற்பித்துவிட்டால், பல்கலைக்கழகங்கள் உயர்நிலைப் படிப்பிலும் ஆய்விலும் கவனம் செலுத்தலாம் என்பது அவரது எண்ணம். இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரப் பள்ளிக் கண்காணிப்பாளரான ஜே. ஸ்டான்லி பிரவுனுடன் இணைந்து 1901இல் அவர் ஜோலியட் இளநிலைக் கல்லூரியை உருவாக்கினார். உயர்நிலைப் பள்ளியின் கட்டடத்தில் ஆறு மாணவர்களுடன் அது தொடங்கியது. இன்றுவரை தொடர்ந்து இயங்கும் அமெரிக்கப் பொது இரண்டாண்டுக் கல்லூரிகளில் இதுவே பழமையானது.

கலிபோர்னியா மாநிலம் 1907இல் இயற்றிய சட்டம், உயர்நிலைப் பள்ளிகள் கல்லூரிப் பாடங்களையும் நடத்த அனுமதித்தது. அதன்படி 1910இல் பிரெஸ்னோ நகரில் ஓர் இளநிலைக் கல்லூரி தொடங்கப்பட்டது. இக்காலக் கல்லூரிகளின் மாணவர்கள் பெரும்பாலும் பள்ளியை அப்போதுதான் முடித்த இளைஞர்கள். ஆனால் வீட்டுக்கு அருகில் இருப்பது, கட்டணம் குறைவாக இருப்பது என்ற இரண்டு இயல்புகள் அப்போதே அமைந்துவிட்டன. குடும்பத்தையும் வேலையையும் விட்டு வெளியூர் செல்ல முடியாதவர்களுக்குப் பின்னாளில் இவையே பெரிய வசதியாயின.

போர் வீரர்களின் வருகை

வயதுவந்தோர் பெரும் எண்ணிக்கையில் கல்லூரிக்குள் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். 1944 ஜூன் 22 அன்று குடியரசுத் தலைவர் பிராங்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டம், போரிலிருந்து திரும்பியவர்களுக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணத்தையும், மாதந்தோறும் வாழ்க்கைச் செலவுக்கான தொகையையும் வழங்கியது. ஏறத்தாழ 22 இலட்சம் வீரர்கள் இதைக் கொண்டு கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சேர்ந்தனர். அவர்களில் பலர் திருமணமானவர்கள், குழந்தைகளுக்குத் தந்தையர்.

இத்திட்டத்தால் கல்வித் தரம் தாழ்ந்துவிடும் என்று சில முன்னணிப் பல்கலைக்கழகத் தலைவர்கள் அஞ்சினர். வகுப்பறையில் வீரர்கள் நன்றாகவே படித்துக் காட்டினர். படிப்பைவிட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களும் மீண்டும் கற்க முடியும் என்பதைப் பெரிய அளவில் மெய்ப்பித்த நிகழ்வு இது. ஆயினும் பயன் அனைவருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. இனப் பாகுபாடு நிலவிய தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்கள் பலர், சட்டப்படி உரிமை இருந்தும், கல்லூரி இடம் கிடைக்காமல் விடுபட்டனர்.

1946இல் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன், ஜார்ஜ் சூக் தலைமையில் உயர்கல்வி ஆணையம் ஒன்றை அமைத்தார். 1947இல் வெளிவரத் தொடங்கிய அதன் அறிக்கை, பள்ளிக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுக் கல்வி கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்றும், அதற்கென உள்ளூர்க் கல்லூரிகளை நாடெங்கும் பரப்ப வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அந்தந்த வட்டாரத்தின் வயதுவந்தோர் கல்விக்கும் அவையே மையமாக விளங்க வேண்டும் என்றது. ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயர் பரவலானது இவ்வறிக்கைக்குப் பின்னரே.

செவிலியர் படிப்பு

பெண்கள் கல்விக்குத் திரும்ப உதவிய முக்கியமான மாற்றம் செவிலியர் கல்வியில் நிகழ்ந்தது. அதுவரை செவிலியர் பயிற்சி பெரும்பாலும் மருத்துவமனைப் பள்ளிகளில் மூன்று ஆண்டுகள் நடந்தது. மாணவிகள் விடுதியில் தங்க வேண்டும். திருமணமாகாத இளம்பெண்களையே பல பள்ளிகள் சேர்த்துக்கொண்டன. இரண்டு ஆண்டுகளில் செவிலியரை உருவாக்க முடியும் என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மில்ட்ரெட் மான்டாக் முன்வைத்த திட்டம், 1952இல் சில இளநிலைக் கல்லூரிகளில் சோதனையாகத் தொடங்கியது.

வீட்டிலிருந்தே சென்று படிக்கலாம் என்றானதும் திருமணமான பெண்கள், குழந்தைகளை வளர்த்துவிட்டு வேலை தேடியவர்கள், ஆண்கள் ஆகியோரும் செவிலியர் படிப்பில் சேர்ந்தனர். ஒரு தொழிலுக்குள் நுழையும் வயதையும் குடும்ப நிலையையும் சமுதாயக் கல்லூரி மாற்றியமைத்ததற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

திறந்த கதவும் அதன் குறைகளும்

1960-களில் அமெரிக்காவில் 450-க்கும் மேற்பட்ட சமுதாயக் கல்லூரிகள் புதிதாகத் தொடங்கப்பட்டன. கலிபோர்னியாவின் 1960ஆம் ஆண்டு உயர்கல்விப் பெருந்திட்டம், கற்றுப் பயன்பெறக்கூடிய எவருக்கும் இக்கல்லூரிகளில் இடம் உண்டு என்ற கொள்கையை வகுத்தது. மாலை நேர வகுப்புகளும் பகுதிநேரப் படிப்பும் பெருகின. 1972இல் உருவாக்கப்பட்ட கூட்டரசின் கல்வி உதவித்தொகை, குறைந்த வருமானம் உடைய பகுதிநேர மாணவர்களுக்கும் கிடைத்தது. 1980 முதல் அது ‘பெல் உதவித்தொகை’ எனப்படுகிறது. இது கடன் அல்ல. திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை.

சேர்வது எளிதானபோது முடிப்பது அத்தனை எளிதாக இல்லை. சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க், சான் ஹோசே நகரின் இளநிலைக் கல்லூரியை ஆராய்ந்து 1960இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பல்கலைக்கழகக் கனவோடு வருபவர்களைத் தேர்வுகள், ஆலோசனைகள் வழியாகச் சிறுகச் சிறுகத் தாழ்ந்த இலக்குகளுக்குத் திருப்பும் வேலையையும் இக்கல்லூரிகள் செய்கின்றன என்பதே அது.

பின்னாளில் வயதுவந்தோரை மிகவும் தடுத்தது, சேரும்போது நடத்தப்பட்ட நிலையறி தேர்வு. பள்ளியைவிட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆன ஒருவருக்கு இயற்கணிதம் மறந்திருக்கும். அத்தேர்வில் தவறியவர்கள் அடிப்படைக் கணக்கு வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வகுப்புகளுக்குக் கட்டணமும் காலமும் செலவாகும். ஆனால் அவை பட்டத்துக்கான கணக்கில் சேரா. பலர் தாம் விரும்பிய பாடத்தின் முதல் வகுப்பைக்கூடப் பார்க்காமலேயே விலகினர்.

வேலை இழந்தோர்

ஆலைகள் மூடப்படும்போது ‘மறுபயிற்சி பெறுங்கள்’ என்பதே அரசு கூறும் முதல் அறிவுரை. அது பலன் தருகிறதா என்பதற்கு ஒரே விடை இல்லை. 1990-களின் முற்பகுதியில் வாஷிங்டன் மாநிலத்தில் வேலை இழந்தவர்களைப் பற்றி ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்தனர். ஓராண்டு அளவிலான சமுதாயக் கல்லூரிப் படிப்பு நீண்டகால வருமானத்தை ஆண்களுக்குச் சுமார் 9 விழுக்காடும் பெண்களுக்குச் சுமார் 13 விழுக்காடும் உயர்த்தியதாக அவர்கள் கண்டனர். தொழில்நுட்பம், கணிதம், அறிவியல் சார்ந்த பாடங்களைப் படித்தவர்களுக்குப் பலன் இதைவிட அதிகம்.

விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் நகரின் அனுபவம் வேறு. 2008 டிசம்பரில் அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலையில் உற்பத்தி நின்றது. வேலை இழந்தவர்கள் பலர் அருகிலிருந்த பிளாக்ஹாக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தனர். அந்நகரைப் பற்றி 2017இல் நூல் எழுதிய இதழாளர் ஏமி கோல்ட்ஸ்டைன், மறுபயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட நல்ல நிலையை அடையவில்லை என்று கண்டார். நாடே பொருளாதார மந்தத்தில் இருந்த அந்த ஆண்டுகளில், படித்து முடித்தவர்களை ஏற்றுக்கொள்ளப் போதிய வேலைகள் ஊரில் இல்லை. என்ன படிக்கிறார், எந்தக் காலத்தில் முடிக்கிறார், உள்ளூரில் யார் வேலை தருகிறார் என்பவற்றைப் பொறுத்தே மறுபயிற்சியின் பயன் அமையும் என்பதை இவ்விரண்டு அனுபவங்களும் உணர்த்துகின்றன.

படிப்பை முடிக்க உதவும் முயற்சிகள்

21ஆம் நூற்றாண்டில் கவனம் சேர்க்கையிலிருந்து நிறைவுக்கு மாறியது. வாஷிங்டன் மாநிலத்தில் 2004 முதல் சோதிக்கப்பட்ட ‘ஐ-பெஸ்ட்’ திட்டத்தில், ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் இணைந்து கற்பிக்கின்றனர். ஒருவர் தொழிலைக் கற்பிக்க, மற்றவர் அதற்குத் தேவையான மொழியையும் கணக்கையும் கற்பிக்கிறார். அடிப்படைக் கல்வியை முடித்த பின்னரே தொழிற்கல்வி என்ற காத்திருப்பு இதனால் குறைந்தது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய ‘ஏசாப்’ திட்டம், கட்டண உதவி, பாடநூல், பயணச்சீட்டு, நெருக்கமான ஆலோசனை ஆகியவற்றை ஒருங்கே வழங்கியது. மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றோர் விகிதம், திட்டத்தில் இல்லாதவர்களிடையே 22 விழுக்காடாக இருந்தபோது, திட்டத்தில் இருந்தவர்களிடையே 40 விழுக்காடாக இருந்தது. ஆனால் இத்திட்டத்தில் முழுநேரம் படிக்க வேண்டும். முழுநேர வேலையில் இருப்பவர்களுக்கு இது கடினம்.

டென்னசி மாநிலம் 2018இலும் மிச்சிகன் மாநிலம் 2021இலும் பட்டம் இல்லாத வயதுவந்தோருக்குச் சமுதாயக் கல்லூரிக் கட்டணத்தை ஏற்கும் திட்டங்களை நடைமுறைப்படுத்தின. மிச்சிகனில் இது முதலில் 25 வயதுக்கு மேற்பட்டோருக்காக வகுக்கப்பட்டது. இவை கல்விக் கட்டணத்தை நீக்கின. வீட்டு வாடகையும் குழந்தைப் பராமரிப்புச் செலவும் மாணவரையே சார்ந்திருந்தன.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

அமெரிக்க முன்மாதிரி 1990-களில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் முதல் களம் தமிழ் நிலமே. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரியும், 1996இல் சென்னையில் மெட்ராஸ் சமுதாயக் கல்லூரியும் தொடங்கின. இயேசு சபைக் கல்வியாளர் சேவியர் அல்போன்ஸ் இம்முயற்சியைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். பின்னர் பல்கலைக்கழக மானியக் குழுவும் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2012–2017) சமுதாயக் கல்லூரிகளுக்கென ஒரு திட்டத்தை வகுத்தது. பள்ளி இடைநின்றோர், ஏழை இளைஞர், பெண்கள் ஆகியோருக்கு வாழ்க்கைத் திறனும் வேலைத் திறனும் அளிப்பதே இங்குள்ள கல்லூரிகளின் முதல் நோக்கமாக இருந்தது. பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் படிக்கட்டாக அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம், இங்கு வேலைக்கான வழியாகவே வேரூன்றியது.

மதிப்பீடு

யாரையும் விலக்காத சேர்க்கையே சமுதாயக் கல்லூரிகளின் பெரும் சாதனையாகக் கருதப்படுகிறது. அது முதல் படி மட்டுமே என்பதை அவற்றின் நூற்றாண்டு வரலாறு காட்டுகிறது. இளம் மாணவருக்கு ஒரு பருவம் வீணானால் மீண்டும் தொடரலாம். குடும்பம் உள்ளவருக்கு அதே பருவம் இழந்த கூலியாகவும் வாங்கிய கடனாகவும் மாறும். வயதுவந்தோருக்கு அரிய பொருள் காலமே. அதை மிச்சப்படுத்திய திட்டங்களில் பலர் படித்து முடித்தனர்; அதை மதிக்காத இடங்களில், திறந்த கதவின் வழியே வந்தவர்கள் அதே கதவின் வழியே வெளியேறினர்.