அரங்கேற்றம்

அரங்கேற்றம்: ஒரு கலைஞரின் முதல் மேடை நிகழ்ச்சியையோ, ஒரு நூல் அறிஞர் அவையில் முதன்முறை வெளியிடப்படுவதையோ குறிக்கும் சொல். சிலப்பதிகாரத்தின் மூன்றாம் பகுதியான அரங்கேற்று காதை, ஏழாண்டுகள் பயின்ற மாதவி 12 வயதில் சோழ மன்னன் முன் ஆடியதை விவரிக்கிறது. கம்பராமாயணம் திருவரங்கத்திலும் கந்தபுராணம் காஞ்சிபுரம் குமரகோட்டத்திலும் அரங்கேறியதாக மரபு கூறும்.

இன்றைய கலைப் பக்கங்களில் இச்சொல் பெரும்பாலும் பரதநாட்டிய மாணவியரின் முதல் முழு நிகழ்ச்சியைச் சுட்டும். 1973இல் வெளிவந்த கே. பாலசந்தரின் திரைப்படத்துக்கும் இதுவே பெயர்.

நாளிதழ்ச் செய்திகளில் ‘அரங்கேறு’ என்னும் வினை கொலை, கொள்ளை, மோசடி ஆகியவை நிகழ்ந்ததைக் குறிக்கவும் வழங்குகிறது. அவ்வழக்கில் அவையும் பயிற்சியும் நீங்கி, ‘நடந்தேறியது’ என்னும் பொருள் மட்டுமே எஞ்சுகிறது.