சாப்பாட்டை மருந்துச்சீட்டில் எழுதிய டாக்டர்

1/ குழந்தைகள் வார்டுல வேலை பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும், எந்த நர்ஸைக் கேட்டாலும் இதைச் சொல்வாங்க. வயிற்றுப்போக்கோட வர்ற குழந்தைக்கு ட்ரிப்ஸ் ஏத்தி, ஓஆர்எஸ் கொடுத்து, நாலு நாள்ல தேத்தி வீட்டுக்கு அனுப்புவோம். அடுத்த மாசம் அதே குழந்தை, அதே நோய். எடை மட்டும் இன்னும் குறைஞ்சிருக்கும்.

2/ நாம சரி பண்ணினது குழந்தையை. ஆனா அது திரும்பிப் போனது அதே தண்ணிக்கு, அதே காலிப் பானைக்கு. அப்போ டாக்டரோட வேலை எங்க முடியுது? ஆஸ்பத்திரி கேட்டோடயா? 1960-கள்ல அமெரிக்காவுல ஒரு டாக்டர் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொன்னார். அவரைப் பற்றிய கொஞ்சம் நீளமான த்ரெட் இது. நேரம் இருக்கும்போது படிங்க.

3/ அவர் பெயர் ஜாக் கைகர். ஆனால் கதை தொடங்குவது தென்னாப்பிரிக்காவில். அங்கே ஜுலு மக்கள் வாழ்ந்த போலேலா என்ற ஏழைக் கிராமப்பகுதியில், 1940-ல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதி ஒரு சுகாதார மையம் தொடங்கினார்கள்.

4/ நோயாளி வரட்டும்னு அவங்க உட்கார்ந்திருக்கலை. உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடா அனுப்பினாங்க. யார் வீட்ல என்ன சாப்பிடுறாங்க, தண்ணி எங்கிருந்து வருது, எத்தனை குழந்தை இறந்திருக்கு, எல்லாம் கணக்கெடுத்தாங்க. பிறகு வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம், கழிப்பறை. ஊட்டச்சத்துக் குறைபாடும் குழந்தை இறப்பும் குறைய ஆரம்பிச்சது.

5/ 1957-ல் மருத்துவ மாணவராக இருந்த கைகர் அங்கே போய்ச் சில மாதங்கள் வேலை பார்த்தார். ஆனால் 1948-ல் பதவிக்கு வந்திருந்த நிறவெறி அரசுக்கு இந்த மாதிரி வேலையெல்லாம் பிடிக்கவில்லை. 1950-களின் முடிவில் கார்க் தம்பதி நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. அங்கே கற்றுக்கொண்டதை கைகர் மறக்கவில்லை.

6/ அடுத்து 1964, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகத் தொண்டர்கள் அங்கே குவிந்த கோடைக்காலம். அவர்களுக்குத் துணையாகப் போன மருத்துவர்களில் கைகரும் ஒருவர். ஆப்பிரிக்காவில் பார்த்த அதே வறுமையைச் சொந்த நாட்டிலேயே பார்த்தார்.

7/ மிசிசிப்பி டெல்டா பகுதி முழுக்கப் பருத்திக் காடு. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கறுப்பின மக்கள் வாரத்துக்கு உழைத்தவர்கள். பஞ்சு எடுக்க இயந்திரம் வந்தது, களையெடுக்க ரசாயனம் வந்தது. ஆட்களுக்கு வேலை போனது. பலகை வீடு, குழாய்த் தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது. சுற்றிலும் உலகத்தின் மிக வளமான மண். அதில் விளைஞ்சது பருத்தி. பருத்தியைத் திங்க முடியாதே!

8/ அப்போது அதிபர் லிண்டன் ஜான்சன் வறுமை ஒழிப்புக்காக ஒரு தனி அலுவலகம் தொடங்கியிருந்தார். அந்த நிதியைக் கேட்டு வாங்கி, டஃப்ட்ஸ் மருத்துவக் கல்லூரியின் பெயரில் கைகரும் சக மருத்துவர் கவுன்ட் கிப்சனும் இரண்டு சுகாதார மையங்கள் திறந்தார்கள். முதலாவது பாஸ்டன் நகரக் குடியிருப்பு ஒன்றில், 1965-ல். இரண்டாவது டெல்டாவின் மவுண்ட் பேயூ ஊரில், 1967-ல். முன்னாள் அடிமைகள் 1887-ல் தாங்களே உருவாக்கிக்கொண்ட ஊர் அது.

9/ திறக்கறதுக்கு முன்னாடியே ஜான் ஹாட்ச் என்ற சமூகப் பணியாளர் ஊர் ஊரா, சர்ச் சர்ச்சா கூட்டம் போட்டார். "உங்களுக்கு என்ன வேணும்?" இதுதான் கேள்வி. சாப்பாடு, வேலை, நல்ல வீடு, நல்ல தண்ணின்னு மக்கள் சொன்னாங்க. டாக்டர், ஊசி, மருந்தெல்லாம் அதுக்கப்புறம்தான்.

10/ மையம் திறந்ததும் குழந்தைகள் வர ஆரம்பித்தார்கள். வயிற்றுப்போக்கு, சளி, காய்ச்சல்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு. எல்லாத்துக்கும் அடியில இருந்தது பசி. சரியா சாப்பிடாத குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி குறையும், தொற்று வரும். தொற்று வந்தால் சாப்பிட முடியாது, சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டாது. எடை இன்னும் குறையும், அடுத்த தொற்று வரும். மாத்திரையால் மட்டும் இந்தச் சுழலை உடைக்க முடியாது.

11/ அதனால அங்கிருந்த டாக்டர்கள் ஒரு வேலை செஞ்சாங்க. பிரிஸ்கிரிப்ஷன் எடுத்து, அதுல சாப்பாட்டை எழுதினாங்க! இவ்வளவு பால், இவ்வளவு இறைச்சி, இவ்வளவு காய்கறி. கறுப்பினத்தவர் நடத்திய உள்ளூர் மளிகைக் கடைகளோட ஏற்பாடு. சீட்டைக் கொடுத்தா சாமான் கிடைக்கும். கடைக்காரர் பில்லை மையத்துக்கு அனுப்புவார். பணம் போனது மையத்தோட மருந்து பட்ஜெட்டில் இருந்து.

12/ விஷயம் தெரிஞ்சதும் மேலிடத்துக்குக் கோபம். வாஷிங்டனில் இருந்து ஒரு அதிகாரி கிளம்பி வந்துட்டார். மருந்து பட்ஜெட் நோய்க்கு மருந்து கொடுக்கத்தான், சாப்பாட்டுக்கு இல்லைன்னு கண்டிச்சார். நான் கடைசியாகப் பாடப்புத்தகம் பார்த்தபோது ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்குச் சிகிச்சை சாப்பாடுன்னுதான் போட்டிருந்ததுன்னு கைகர் பதில் சொன்னார். வந்தவர் பேச வழியில்லாமல் திரும்பிப் போனார்.

13/ கேட்க நகைச்சுவை மாதிரி இருக்கும். ஆனா அது நூறு சதவீதம் மருத்துவப் பதில். இன்னைக்கும் தீவிர ஊட்டச்சத்துக் குறைபாட்டோட அட்மிட் ஆகிற குழந்தைக்கு ஆன்டிபயாடிக் கொடுப்போம், சர்க்கரை அளவு பார்ப்போம், உடம்பைக் கதகதப்பா வச்சுப்போம். ஆனா கொஞ்சம் கொஞ்சமா, அளந்து அளந்து ஊட்டுற அந்த உணவு இல்லாம பிள்ளை தேறாது. அங்கே உணவுதான் மருந்து. பில் எந்தத் தலைப்புல போகணும்ங்கிறது மட்டும்தான் தகராறு.

14/ சாப்பாட்டோடு நிற்கவில்லை. மையத்தின் ஆட்கள் கிணறு தோண்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள், ஓட்டை வீடுகளைப் பழுது பார்த்தார்கள். பெரியவர்கள் விட்ட படிப்பைத் தொடர மாலை வகுப்புகள் நடந்தன. அந்தப் பகுதிப் பிள்ளைகள் பலர் பின்னாளில் டாக்டர்களாக, நர்ஸ்களாக வந்தார்கள்.

15/ எனக்கு இதுல முக்கியமாப் படுறது அடுத்து நடந்ததுதான். சீட்டு எழுதினா இந்த வாரப் பசி தீரும். அடுத்த வாரம்? மறுபடியும் டாக்டர் முன்னாடி வந்து நிக்கணும். அதனால ஹாட்ச்சும் ஊர் மக்களும் சேர்ந்து 1968-ல் ஒரு கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார்கள். பருத்திக்குப் பதிலா பீன்ஸ், பட்டாணி, கீரை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு. ஆயிரத்தை ஒட்டிய குடும்பங்கள். உழைச்சவங்க வீட்டுக்கே விளைச்சலில் பங்கு. காலங்காலமா அந்த மண்ணுல அடுத்தவனுக்காகப் பருத்தி விதைச்சவங்க, தங்கள் பிள்ளைகளுக்காகச் சாப்பாடு விதைச்சாங்க.

16/ எல்லாம் சுபமா முடிஞ்சதுன்னு சொன்னா அது பொய். வாஷிங்டனில் ஆட்சியும் கொள்கையும் மாறின, நிதிக்கு நெருக்கடி வந்தது. பண்ணை நெடுங்காலம் நிலைக்கவில்லை. டெல்டா இன்றும் அமெரிக்காவின் மிக ஏழைப் பகுதிகளில் ஒன்று. ஒரு ஆஸ்பத்திரியால் வறுமையை ஒழிக்க முடியாது.

17/ ஆனால் மவுண்ட் பேயூ மையம் இன்றும் இயங்குகிறது. அந்த இரண்டில் தொடங்கியது, இன்று சுமார் 1,400 அமைப்புகள் கொண்ட வலைப்பின்னல். வருடத்துக்கு 3 கோடிப் பேருக்கு மேல் சிகிச்சை பெறுகிறார்கள். எண்ணமும் பரவியது. ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரில் இருக்கும் நேஷன்வைடு குழந்தைகள் மருத்துவமனை, 2008 முதல் தன்னைச் சுற்றியுள்ள ஏழைக் குடியிருப்பில் பாழடைந்த வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில் இறங்கியது. குழந்தைகள் ஆஸ்பத்திரி எதுக்கு வீடு கட்டணும்னு இன்னைக்கு அங்கே யாரும் அவ்வளவா கேட்கிறதில்லை. கைகர் 2020 டிசம்பரில், 95 வயதில் காலமானார்.

18/ எல்லா டாக்டரும் கிணறு தோண்டப் போகணும்னு நான் சொல்லலை. நம்மால் முடிந்தது ஒன்று இருக்கு. அதே குழந்தை மூணாவது தடவை வந்து நிக்கும்போது, "ஏம்மா, ஒழுங்கா ஊட்ட மாட்டியா?"ன்னு தாயைத் திட்டறதை நிறுத்தலாம். "வீட்ல நேத்து என்னம்மா சமைச்சீங்க? தண்ணி எங்கிருந்து எடுக்கறீங்க?"ன்னு கேட்கலாம். அந்தப் பதிலையும் கேஸ் ஷீட்டில் எழுதி வைக்கலாம். எழுதி வைத்தால்தான் அது நோயின் காரணம்னு கணக்கில் வரும், நாளைக்கு யாராவது அதுக்கு நிதி கேட்கவும் முடியும்.

த்ரெட் முடிந்தது.