மெழுகில் நின்ற மெட்டும் ஆபிரகாம் பண்டிதரின் 24 சுருதியும்

பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போகும் வழியில் விலகிப் பட்டீசுவரம் போனால், அமைச்சர் கோவிந்த தீட்சிதரும் அவர் மனைவியும் கோயிலில் சிலையாக நிற்பதைக் காணலாம். தீட்சிதர் பணிபுரிந்த இரகுநாத நாயக்கர் அவையில்தான் தஞ்சை வீணைக்கு 24 மெட்டுகள் நிலைபெற்றன என்பது மரபு. ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயி.

இந்தப் பன்னிரண்டின் இடைவெளிகள் சமமானவையா? சமம் என்பதே தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் முடிவு. 1917இல் வெளிவந்த ‘கருணாமிர்த சாகர’த்தில் பழைய இசைநூலார் சார்ங்கதேவரின் 22 சுருதியை மறுத்து, ஆயப்பாலைக்கு 12, வட்டப்பாலைக்கு 24 என்று ஸ்தாயியைச் சம பங்காகப் பிரித்தார். சிலப்பதிகாரத்தை இசைக்கணக்கின் ஆவணமாக வாசித்த அவருடைய துணிவுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆயினும் அவருடைய சமப்பங்கீட்டை ஏற்க இயலவில்லை.

ஐந்தாம் சுரத்தைச் சுத்தமாக, 3/2 என்ற விகிதத்தில், பன்னிரண்டு முறை ஏற்றினால் 129.75 மடங்கு வருகிறது. ஏழு ஸ்தாயி 128 மடங்குதான். ச-ப முறையில் வட்டம் மூட வேண்டுமானால் ஒவ்வொரு பஞ்சமத்தையும் இம்மியளவு குறைத்தாக வேண்டும். கணக்குக்கு அது தேவை. செவிக்குத் தேவையா என்பதே என் கேள்வி.

தந்தி அதிரும்போது குதிரை வழியாகக் குடம் அதிர்கிறது. குடத்தின் பலகை காற்றை நெருக்கியும் தளர்த்தியும் விடுகிறது. காற்று இருந்த இடத்திலேயே ஊசலாட, நெருக்கம் மட்டும் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடி வருகிறது. எல்லாச் சுரத்துக்கும் இந்த வேகம் ஒன்றே. ஆகவே தாளத்தந்தியின் சட்ஜமும் மெட்டில் பிறந்த காந்தாரமும் சேர்ந்தே செவியை அடைகின்றன; இசையாவிட்டால் விம்முகின்றன. சட்ஜம் விநாடிக்கு 200 அதிர்வு என்று கொள்வோம். அந்தர காந்தாரம் 5/4 விகிதத்தில் நின்றால் விம்மல் இல்லை. சமப்பங்கில் நின்றாலோ, மேலெழும் துணையொலிகள் 1000க்கும் 1008க்குமாக மோதி, விநாடிக்கு எட்டு முறை விம்மும். மெட்டுகளை நிறுத்தி மேளம் வைக்கும் கைவினைஞரின் செவிக்கு இது தப்பாது.

பஞ்சமத்தில் என் வாதம் வலுவிழக்கிறது. அங்கே வேறுபாடு மூன்று விநாடிக்கு இரண்டு விம்மல்தான். அதற்குள் வீணையின் நாதமே தேய்ந்துவிடும். கமகத்தோடு வாசிக்கையில் காந்தாரமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. இவை பண்டிதருக்குச் சாதகமானவை.

ஆனால் மெழுகு என் பக்கம் பேசுகிறது. தந்தியை மெட்டின்மேல் அழுத்தும்போது அதன் இழுவிசை கூடிச் சுரம் ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்பது மெட்டின் உயரத்தையும் தந்தியின் பருமனையும் பொறுத்தது. நீளத்தை மட்டும் அளந்து வைத்த மெட்டு ஒலியில் பிசகும். அதனால்தான் மெட்டுகளை மரத்தில் அறைந்துவிடாமல், நகர்த்திக் கேட்டுச் சரிபார்க்க இடம் தரும் மெழுகில் நிறுத்தினார்கள். கணக்கை மட்டும் நம்பியவர்கள் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்க மாட்டார்கள் என்று உறுதியாகவே சொல்வேன்.

24 மெட்டுகள் நிலைபெற்ற காலத்தை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லா இராகத்துக்கும் ஒரே மெட்டமைப்பு என்ற எண்ணம் 1550இல் இசைநூலார் இராமாமாத்தியரிடமே உண்டு. இரகுநாதர் பெயரால் ஒரு மேள வீணையைச் சொல்லும் ‘சங்கீத சுதா’, தன்னை இயற்றியவர் அம்மன்னரே என்கிறது. தீட்சிதரின் மகன் வேங்கடமகியோ ‘சதுர்தண்டி பிரகாசிகை’யில் அதைத் தன் தந்தையின் நூல் என்கிறார். மகன் சொல்லை நம்பவே எனக்கு விருப்பம். அதைக் கொண்டு ஆண்டு குறிக்கத் துணியமாட்டேன். காலம் எதுவாயினும், வேங்கடமகியின் 72 மேளம் என்ற இராகப் பகுப்புக்குப் பன்னிரு சுரத்தானங்கள் போதும். அவை சமமாக இருக்க வேண்டியதில்லை.

பழைய வீணைக்குப் புதிதாக மேளம் வைக்கும்போது பழைய மெழுகோடு மெட்டுகளின் பழைய இடமும் அழிகிறது. பாபநாசம், கும்பகோணம், தஞ்சை வட்டாரத்தில் பாட்டன் காலத்து வீணை வைத்திருப்போர், மெழுகை உருக்கக் கொடுக்குமுன் மேருவிலிருந்து ஒவ்வொரு மெட்டின் தூரத்தையும் உயரத்தையும் அளந்து எழுதி வையுங்கள்.