தூரிகையும் வில்லையும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் பெருந்தெருவில் கடுகண்ணாவைக் கணவாயைக் கடப்போர் டோசன் நினைவுக் கோபுரத்தைக் காணாமற் செல்வதில்லை. இத்தெருவை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832 ஆம் ஆண்டில் எழுந்த கோபுரம் அது. 1867 ஆம் ஆண்டில் புகையிரதமும் இவ்வழியே மலையேறிக் கண்டியை அடைந்தது. வரலாறு என்றதும் கோபுரமும் பாதையுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால், நேயர்களே, இம்மலைநாட்டின் தலைவிதியை எழுதியவற்றுள் நெல்மணியிலும் சிறிய பூச்சிகளும் உண்டு. அவற்றை உற்றுநோக்கிப் படமாக்கியவர்களின் கதையையே இன்று கூற விழைகின்றேன்.

கடுகண்ணாவையிலிருந்து கண்டிப் பக்கமாகச் சில கல் தொலைவு சென்றால் 1821 இல் நிறுவப்பெற்ற பேராதனைப் பூங்காவை அடையலாம். அங்கே ஓவியராகப் பணியாற்றியவர் ஹார்மானிஸ் த அல்விஸ். அவருக்குப்பின் அவர் மைந்தர்களான வில்லியமும் ஜோர்ஜும் அத்தொழிலைத் தொடர்ந்தனர். பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் என்பாரின் மேற்பார்வையில் அக்குடும்பத்தார் இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் வரைந்தனர். இறந்து ஊசியிற் குத்தப்பெற்ற பூச்சியை மட்டும் வரைந்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. மயிர்க்கொட்டி, கூட்டுப்புழு, சிறகு விரித்த பூச்சி என ஓருயிரின் பருவங்களை வரிசைப்படுத்திக் காட்டினர். அச்சித்திரங்களைத் தழுவிய வண்ணப் படங்களுடன் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக இலண்டனில் ஒரு பெருநூல் வெளிவந்தது. நூலாசிரியர் பிரெடரிக் மூர் என்பதை உலகம் அறியும். தூரிகை பிடித்த கைகளை அறிந்தோரோ மிகச் சிலர்.

அக்காலத்திலே புகைப்படக் கருவி இல்லையோ என நீங்கள் வினவலாம். இருந்தது. 1870களிலேயே கண்டியில் புகைப்பட நிலையங்கள் இயங்கின. எனினும், அன்றைய கருவி வண்ணத்தைப் பதியவில்லை. ஓரிடத்தில் நில்லாத உயிரையும் எளிதிற் பிடிக்கவில்லை. கோவிலையும் மலையையும் படமாக்கிய அக்கருவியின் முன் ஒரு தும்பி நொடிப்பொழுது நடுங்கினாலும் படம் மங்கிவிடும். ஆதலாற் பூச்சியுலகம் நெடுங்காலம் ஓவியரின் ஆட்சியிலேயே இருந்தது.

இத்தகைய கூர்ந்த நோக்கு வெறும் அழகுக்காக அன்று. 1869 இல் இலங்கையிற் காணப்பெற்ற இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. நலிந்த செடிகளை 1880களிற் பச்சைநிறச் செதிற்பூச்சி ஒன்றும் வந்து வருத்தியது. அதன் நீளம் சில மில்லிமீற்றரே. இலையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அதனை 1889 இல் அறிவியல் முறைப்படி விவரித்துப் பெயரிட்டவர் ஏர்ணஸ்ட் கிறீன். 1896 முதல் 1922 வரை இலங்கைச் செதிற்பூச்சிகளைப் பற்றி ஐந்து பகுதிகள் கொண்ட நூலையும் அவர் படங்களுடன் வெளியிட்டார். கோப்பி வீழ்ந்தபோது துரைமாரின் முதல் மட்டும் வீழவில்லை. தமிழகத்திலிருந்து நடந்துவந்து அத்தோட்டங்களில் உழைத்த நம் முன்னோரின் கஞ்சிக் கலயமும் கவிழ்ந்தது. பகைவன் இன்னான் என்று அறிவதே காப்பின் முதற்படியன்றோ? கண்ணுக்கு எட்டாத பகைவனைப் படமே அடையாளங் காட்டியது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1955 ஆம் ஆண்டில் கில்ஃபிற் நிறுவனம் சிறிய கருவிகளுக்கு ஏற்ற அண்மைப்பட வில்லையை விற்பனைக்குக் கொணர்ந்தது. வண்ணச் சுருளும் மின்னொளி விளக்கும் அதனோடு சேர்ந்தன. பொருளின் உண்மையளவுக்குச் சமமான உருவம் கருவியினுள் விழும்போது, தெளிவாகத் தோன்றும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே. தும்பியின் கண் தெளிந்தால் வால் மங்கும். ஒளித்துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஒளி குறையும். ஆகவே, படம் பிடிப்பவன் மூச்சையும் அடக்கிப் பொறுமையுடன் இருத்தல் வேண்டும். அன்று ஓவியருக்கு வேண்டியிருந்த தவம் இன்றும் நீங்கியபாடில்லை.

இத்தவத்திற்குத் தக்க இடம் தோட்டத்துச் சிறு குளமே. தும்பி நீரில் முட்டையிடும். அதன் குஞ்சு நீருக்குள்ளேயே வளர்ந்து நுளம்பின் புழுக்களைத் தின்னும். பின்னர் ஒரு தண்டின்மேல் ஏறித் தோலைக் கழற்றிச் சிறகு விரிக்கும். இலங்கையில் அறியப்பட்ட தும்பியினங்கள் ஏறத்தாழ 130. அவற்றுள் ஏறத்தாழப் பாதி உலகில் வேறெங்கும் இல்லாதவை. குளத்தைத் தூர்ப்பதும் ஓடையில் நஞ்சைக் கலப்பதும் இவ்வுயிர்களுக்கு எமனாகும். ஓரிடத்தில் ஓரினம் மறைந்ததை எவ்வாறு அறிவது? முன்பு அஃது அங்கே இருந்தது என்று காட்டும் பதிவு இருந்தாலன்றி அறிய இயலாது.

இன்று கைபேசியிலும் அண்மைப்படம் எடுக்கலாம்; உயிரைக் கொல்லவேண்டிய தேவையும் பெரிதும் குறைந்துள்ளது. ஆனால், இடமும் நாளும் குறிக்கப்படாத படம் அழகிய காட்சியாக மட்டுமே எஞ்சும். அவை குறிக்கப்பெறின் அதுவே சான்றாகும். பாடசாலைகள் தம் தோட்டத்தில் ஒரு சிறு குளம் அமைத்து, மாணவர் காணும் பூச்சிகளை ஆண்டுதோறும் படமெடுத்து, நாளும் இடமும் எழுதி, எடுத்தவர் பெயரையும் பொறித்து வைப்பார்களாக. த அல்விஸ் குடும்பத்தாருக்கு உரிய புகழ் முழுதும் வந்து சேரவில்லை. நம் பிள்ளைகளின் உழைப்பேனும் பெயரற்றுப் போகாதிருக்கட்டும்.