சோலார் பேனல் மாட்டப் போறீங்களா? வாட்ஸைக் கேட்கும் முன்னாடி போல்ட்டைக் கேளுங்க!

சோலார் கொட்டேஷன் கைக்கு வந்ததும் நம்ம கண் எங்கே போகும்? எத்தனை கிலோவாட், என்ன பிராண்ட் பேனல், மானியம் போக கையிலிருந்து எவ்வளவு... அவ்வளவுதான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பி.எம் சூர்ய கர்' திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால், கணக்கு இன்னும் வேகமாக ஓடும். அதே காகிதத்தில் 'மவுன்டிங் ஸ்ட்ரக்சர் - 1 செட்' என்று ஒரு வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. ஆனால், 25 வருஷம் பேனலை மாடியில் பிடித்து வைத்திருக்கப் போவது அந்த ஒரு வரிதான்.

காற்று தள்ளாது, தூக்கும்!

'இவ்வளவு கனமான பேனல் எங்கே பறக்கப்போகுது?' என்று தோன்றலாம். சின்னதாக ஒரு கணக்குப் போடுவோம்.

இப்போது வீடுகளில் மாட்டும் பெரிய பேனல் ஒன்று சுமார் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம் இருக்கும். எடை 28 முதல் 32 கிலோ. கட்டடங்கள் மீதான காற்றின் விசையைக் கணக்கிட இந்தியாவில் ஐ.எஸ். 875 மூன்றாம் பாகம் என்ற தரக்குறியீடு இருக்கிறது. அதன்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. மதுரை, கோவைக்கு விநாடிக்கு 39 மீட்டர், மணிக்கு சுமார் 140 கி.மீ.

மணிக்கு 180 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் கொடுக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட 150 கிலோ எடைக்குச் சமம். நம்ம பேனலின் பரப்பு 2.6 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்க, 390 கிலோ வருது! கட்டடத்தின் உயரம், பேனலின் சாய்வு, மாடியில் அது இருக்கும் இடம் ஆகியவற்றைப் பொறுத்து உண்மையான விசை கூடும், குறையும். ஆனாலும் 30 கிலோ பேனல் தன் சொந்த எடையால் உட்கார்ந்திருக்கப் போவதில்லை என்பது தெளிவு. காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும்போது, அதைப் பிடித்து நிறுத்துவது போல்ட் மட்டும்தான்.

2016 டிசம்பரில் வர்தா சென்னையையும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவையும் புரட்டிப் போட்டதை நாம் பார்த்தோம். அப்படி ஒரு ராத்திரியில் மாடியிலிருந்து கண்ணாடிப் பலகை கிளம்பினால், அது விழப்போவது நம்ம வீட்டு வாசலில் மட்டுமல்ல... பக்கத்து வீட்டிலும், தெருவிலும்தான்.

முதலில் மாடித் தரையைப் பாருங்க

நம்ம ஊர் மாடிகளில் பலதும் வெறும் கான்கிரீட் கிடையாது. கான்கிரீட் தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு கலந்த ஒரு அடுக்கு, அதற்கு மேலே தட்டோடு. மொத்தமாக மூன்று, நான்கு அங்குலம்கூட வரும். இது வெயிலையும் மழையையும் தாங்கத்தான், பாரம் இழுப்பதற்கு அல்ல.

தட்டோட்டின் மேலேயே துளை போட்டு ஆங்கர் போல்ட் அடித்தால், அது ஜல்லி அடுக்கோடு நின்றுவிடும். முடுக்கும்போது இறுகியது போலவே இருக்கும். காற்று இழுத்தால் மண்ணோடு வேர் வருவது போல வந்துவிடும். கூடவே, துளை வழியாக மழைநீர் இறங்கி உள்ளே சீலிங்கும் ஊறும்.

சரியான வழி, கால் வரும் இடங்களில் மட்டும் தட்டோட்டையும் ஜல்லியையும் எடுத்துவிட்டு, கான்கிரீட் தளத்தில் ஆங்கரைப் பிடித்து, அதன் மேல் கான்கிரீட் பெடஸ்டல் கட்டி, சுற்றிலும் வாட்டர் ப்ரூஃபிங் செய்வது. பழைய வீடு என்றால் கெமிக்கல் ஆங்கர் பற்றிக் கேளுங்க. துளையில் பிசின் ஊற்றி இறுக வைக்கும் முறை இது. விரிந்து பிடிக்கும் சாதாரண ஆங்கரைப்போல கான்கிரீட்டை நெருக்காது. ஆனால் துளையைத் தூசி இல்லாமல் ஊதிச் சுத்தம் செய்யணும். இல்லையென்றால் பிசின் தூசியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

'துளையே வேண்டாம், கான்கிரீட் கட்டையை வெச்சு பாரம் ஏத்திடலாம்' என்றால், எத்தனை கிலோ என்ற கணக்கைக் கேளுங்க. அந்த எடையை உங்கள் தளம் தாங்குமா என்பதையும் ஒரு இன்ஜினீயரிடம் கேட்கணும்.

ஜிஐயா, அலுமினியமா?

இரண்டும் நல்லதுதான். ஜிஐ என்றால் 'ஹாட் டிப்' முறையில், உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததா என்று கேளுங்க. பூச்சு 80 மைக்ரான் இருக்கணும். சில்வர் பெயின்ட் அடித்த இரும்பும் முதல் நாள் இப்படித்தான் மின்னும். இரண்டு மழைக்காலம் போனால் சாயம் வெளுத்துவிடும்!

முக்கியமான விஷயம்: ஜிஐ பைப்பை உங்கள் மாடியில் வைத்து வெல்டிங் செய்தால், அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போய்விடும். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். போல்ட் போட்டு இணைக்கும் ஸ்ட்ரக்சரே நல்லது. வெல்டிங் தவிர்க்கவே முடியாது என்றால், துத்தநாகம் அதிகமுள்ள பெயின்ட் அடிக்கச் சொல்லுங்க.

அலுமினிய ரெயில் எடை குறைவு, துருப்பிடிக்காது. ஆனால் அதில் சாதாரண இரும்பு போல்ட் மாட்டினால், உப்புக் காற்றில் இரண்டு உலோகமும் சேர்ந்து அரிக்க ஆரம்பிக்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் இதில் சமரசம் செய்யாதீங்க.

போல்ட் தலையில் எழுதியிருக்கு!

போல்ட், நட், வாஷர் எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கணும். எஸ்.எஸ். 304 போதும். கடலுக்குப் பக்கத்தில் என்றால் எஸ்.எஸ். 316. காந்தம் வைத்துப் பார்ப்பதை நம்பாதீங்க. நல்ல 304 போல்ட்டும் தயாரிப்பின்போது அழுத்தப்படுவதால் லேசாக ஒட்டும். அதைவிட எளிய வழி, போல்ட் தலையைப் பாருங்க. 'ஏ2-70' என்றிருந்தால் 304 வகை, 'ஏ4-70' அல்லது 'ஏ4-80' என்றிருந்தால் 316 வகை. மொபைலில் ஒரு க்ளோஸப் எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

காற்றில் பேனல் அதிர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் வெறும் நட் மெதுவாகக் கழன்றுவரும். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் கேளுங்க.

கிளாம்ப்பில் கவனம்

பேனல் ஃபிரேமின் உயரம் 30, 35, 40 மி.மீ. என்று வேறுபடும். ஓரத்தில் வரும் எண்ட் கிளாம்ப் அதே அளவில் இருக்கணும். 35-க்கான கிளாம்ப்பை 30 மி.மீ. ஃபிரேமில் மாட்டினால் பிடிப்பே இருக்காது. பேனலின் எந்த இடத்தில் கிளாம்ப் போடலாம், எவ்வளவு முடுக்கலாம் என்று தயாரிப்பாளரின் மேனுவலில் படத்தோடு இருக்கும். அதைப் பார்த்து டார்க் ரெஞ்சால் முடுக்கணும். 'கை கணக்கு தெரியும் சார்' என்பவரிடம் சிரித்துக்கொண்டே மேனுவலைக் காட்டுங்க. ஃபிரேமில் புதிதாக துளை போட மட்டும் விடாதீங்க. வாரண்டி போய்விடும்.

துணி காயப்போட இடம் வேணுமே?

வடகம் காயவும், துணி உலரவும் இடம் வேண்டுமென்று ஏழெட்டு அடி உயரத்தில் கட்டுபவர்கள் அதிகம். தப்பில்லை. ஆனால் உயரம் கூடக் கூட காற்றின் பிடியும் கூடும். கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் கட்டாயம். மாடியின் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் தூக்கும் விசை அதிகம். எனவே பேனல் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே நீள வேண்டாம். தமிழ்நாட்டுக்கு 10 முதல் 13 டிகிரி சாய்வே போதும். குறைந்த சாய்வில் காற்றின் பிடியும் குறைவு.

சீட் கூரை என்றால், போல்ட் வெறும் சீட்டைப் பிடிக்காமல் அடியில் ஓடும் பர்லின் சட்டத்தைப் பிடிக்கணும். ஆஸ்பெஸ்டாஸ் சீட் மேல் யாரையும் நேரடியாக நடக்க விடாதீங்க. உடைந்தால் போவது உயிர்.

கையெழுத்துக்கு முன் 5 கேள்விகள்

1. எங்கள் ஊரின் எந்தக் காற்று வேகத்துக்கு இந்த ஸ்ட்ரக்சர் டிசைன் செய்யப்பட்டிருக்கு? இன்ஜினீயர் கையெழுத்துப் போட்ட வரைபடம் தருவீங்களா?

2. ஆங்கர் கான்கிரீட் தளம் வரை போகுமா? எத்தனை மி.மீ. ஆழம்?

3. பூச்சு எத்தனை மைக்ரான்? போல்ட் 304-ஆ, 316-ஆ? கொட்டேஷனில் எழுதித் தருவீங்களா?

4. ஸ்ட்ரக்சருக்கு எர்த்திங் உண்டா?

5. ஸ்ட்ரக்சருக்கு எத்தனை வருஷம் வாரண்டி? (பேனல் வாரண்டியைச் சொல்லி நழுவ விடாதீங்க.)

வேலை முடிந்த பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே எல்லா நட்டையும் சரிபார்க்கச் சொல்லுங்க. புயல் அறிவிப்பு வந்த பிறகு மாடியில் ஏறி ஸ்பேனர் தேடுவது வேலைக்கு ஆகாது.

நல்ல போல்ட்டுக்கும் சுமாரான போல்ட்டுக்கும் விலை வித்தியாசம், மொத்தச் செலவில் ரொம்பச் சின்னது. அடுத்த கொட்டேஷன் வந்தால் முதலில் அந்தக் கடைசி வரியைப் படிங்க மக்களே!